ஹனீப் பாய் கடையில் சொல்லாத வார்த்தை

ஹனீப் பாய் கடையில் எதை வேண்டுமானாலும் பேசலாம். அரசியல் பேசலாம், கரண்டு ஆபீஸ்காரனைத் திட்டலாம், மழையைக் கூடத் திட்டலாம். ஒரே ஒரு வார்த்தையை மட்டும் வாயில் எடுக்கக் கூடாது. அந்த வார்த்தை இல்லாமல் ஒரு மோட்டார் ரீவைண்டிங் கடை எப்படி நடக்கும் என்று கேட்டால், முடி என்று சொல்லாமல் சலூன் நடத்துகிற மாதிரிதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கதை சொல்கிறவனுக்குக் கடையும் இல்லை கூரையும் இல்லை என்பதால் இங்கே சொல்லிவிடலாம். எரிஞ்சு போச்சு. அவ்வளவுதான்.

ஹனீப்பின் வாப்பா பொன்னேரியில் இதே தொழில் செய்தவர். ஒரு நாள் காலையில் முதல் போணிக்கு வந்த ஆள் வாசலில் நின்று, "பாய், எரிஞ்சு போச்சு பாய், மொத்தமா எரிஞ்சு போச்சு!" என்று கத்தினாராம். அவர் சொன்னது மோட்டாரை. மத்தியானம் வார்னிஷ் காயவைக்கிற ஓவனில் தீப்பிடித்துக் கடையே மொத்தமாகப் போனது. அன்றோடு அந்த வார்த்தை அந்தக் குடும்பத்தை விட்டுப் போனது. அவர்கள் ஊட்டில் மோட்டார் கறுக்கும். அடுப்பு நடக்கும். மிளகாய் அரைத்தால் கை காந்தும். பழவேற்காட்டிலிருந்து மருமகளாக வந்த ஹாஜிராவுக்கு இதெல்லாம் நாக்கில் ஏறவே ஆறு மாதம் ஆயிற்று.

"பள்ளிவாசல் ஹஜரத்து காதுல வுழுந்தா, சகுனமா பாக்கறீங்கன்னு வெளுத்து வாங்கிடுவாரு" என்று அவள் புதுசில் கேலி செய்தபோது, "சகுனம் இல்லம்மே. ஜாக்ரத" என்று ஹனீப் சொல்லிவிட்டார். இருபத்து மூன்று வருடமாக இன்னும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கும்மிடிப்பூண்டி பைபாஸிலிருந்து சிப்காட்டுக்குள் போகிற ரோட்டில், டயர் கடைக்கும் பிரியாணிக் கடைக்கும் நடுவில் அவர்கள் ஷெட். முன்பக்கம் கடை, பின்பக்கம் ரெண்டு அறை வீடு. எந்நேரமும் வார்னிஷ் நெடியும் தாளிப்பு வாசனையும் கலந்தே அடிக்கும். ஹனீப் கறுத்துப்போன காயிலை உளி வைத்து வெட்டி, பழைய கம்பியை உருவி, பள்ளங்களைத் துடைத்துக் காகிதம் சொருகுவார். ஹாஜிரா கைமெஷினில் புதுக் கம்பியைச் சுற்றுவாள். எத்தனை சுற்று என்பதை மனசுக்குள் எண்ணிக்கொண்டே சுற்ற வேண்டும். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் மோட்டார் சூடேறிவிடும். மகள் அஃப்ஸானா வேலூரில் நர்சிங் படிக்கிறாள். பகல் முழுக்கக் கடையில் இவர்கள் ரெண்டு பேர்தான்.

அந்த ரெண்டு பேர் என்பதுதான் ஹாஜிராவுக்குப் பெரிய விஷயம். ஹனீப் பதினோரு வருடம் சவூதியில், தம்மாமில் மோட்டார் சுற்றினார். வருடத்துக்கு ஒரு மாதம் லீவில் வருவார். அதிலும் பத்து நாள் கல்யாணம் காதுகுத்து என்று போய்விடும். வந்துவிட்டார் என்று மனசு நம்புவதற்குள் பெட்டி கட்டுவார். ரெண்டு வருடத்துக்கு முன்னால் ஒரேயடியாக வந்து இந்தக் கடையைப் போட்டார். ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். குழம்பில் உப்பு கூடிவிட்டால் அன்றைக்கே சண்டை போட ஆள் இருக்கிறது. பணம் முன்னைவிடக் குறைச்சல்தான், ஆனால் அவளுக்கு நிறைவாக இருந்தது.

ஆரம்பத்தில் சிப்காட்டில் அப்பாவு என்று ஒரு மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர் இருந்தார். நாலு கம்பெனி மோட்டாரை அவரே இங்கே அனுப்பிவைப்பார். அவர் ரிட்டையர் ஆகி மகனோடு ஓசூருக்குப் போனதும், வந்த புது ஆட்களுக்கு ஹனீப் பாய் யாரென்றே தெரியாது. அவர்கள் போனில் தேடினார்கள். போனில் வருகிற கடை மாதவரத்திலோ அம்பத்தூரிலோ இருந்தது. ஐப்பசி பாதியானபோது கடையில் ஒரு மிக்ஸி மோட்டார்தான் இருந்தது, அதுவும் பிரியாணிக் கடைக்காரருடையது.

அந்த நேரம் பார்த்து மண்ணடி ஏஜென்ட் போன் செய்தான். தம்மாமில் பழைய கம்பெனியே கூப்பிடுகிறது, விசா ரெடி, முப்பதாம் தேதிக்குள் பதில் வேண்டும். ஹனீப் "பாக்கறேன்" என்றார். அவர் அப்படிச் சொன்னால் பாதி சரி என்று அர்த்தம். ஹாஜிரா அன்று ராத்திரி சோறு வைக்கும்போது தட்டை ணங்கென்று வைத்தாள்.

வெப்சைட் ஏற்கெனவே இருந்தது. பொன்னேரியில் ஷைனி என்ற பெண் ஆறு மாதம் முன்னால் செய்துகொடுத்தாள். எந்த வார்த்தைகளைத் தேடினால் உங்கள் கடை வர வேண்டும் என்று அவள் கேட்டபோது, ஹனீப் மைக் கிடைத்த மாதிரி சொன்னார். மோட்டார் ரீவைண்டிங், ஸ்டேட்டர் ரீவைண்டிங், மூணு பேஸ் முப்பத்தாறு ஸ்லாட் வைண்டிங், தமிழ்நாட்டின் தலைசிறந்த ரீவைண்டிங் சேவை. அவள் அப்படியே போட்டாள். போன் வரத்தான் செய்தது. எல்லாம் பாலிடெக்னிக் பையன்கள்.

"சார், முப்பத்தாறு ஸ்லாட்டுக்கு டயகிராம் கெடைக்குமா சார்? நாளைக்கு எக்ஸாம் சார்."

வேறு யாராக இருந்தாலும் வைத்துவிடுவார்கள். ஹனீப் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அரை மணி நேரம் பாடம் நடத்துவார். திருநெல்வேலியில் ஒரு பையன் இவர் புண்ணியத்தில் அரியர் முடித்து நன்றி சொல்லிப் போன் பண்ணினான். அன்று முழுக்க ஹனீப் தரையில் நடக்கவில்லை.

"காலேஜே தொறந்துடலாம் போல. மோட்டார்தான் ஒண்ணும் வரல" என்றாள் ஹாஜிரா.

ஏஜென்ட் போன் செய்த மறுவாரம் அவளே ஷைனியைக் கூப்பிட்டாள். நல்ல மழை. ஷைனி ஸ்கூட்டியை ஓரம்கட்டி, ரெயின்கோட்டை உதறிக்கொண்டு உள்ளே வந்தாள். ஹாஜிரா இறால் வடையும் இஞ்சி டீயும் கொடுத்து, பழைய டவலால் அவள் தலையைத் தானே துவட்டிவிட்டாள்.

ஷைனி லேப்டாப்பைத் திறந்தாள். "போன மாசம் எரநூத்திப் பதினாலு பேர் உங்க சைட்டுக்கு வந்திருக்காங்க அங்கிள்."

"பாத்தியா!" என்றார் ஹனீப் ஹாஜிராவைப் பார்த்து.

"அதுல கும்மிடிப்பூண்டி சுத்துவட்டாரத்துல இருந்து ஆறு பேரு. ஆறுல நாலு நாமதான். செக் பண்ணிப் பாத்தது."

ஹாஜிரா சிரிப்பை அடக்க வடைத் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய் வந்தாள்.

"தமிழ்நாடுன்னு போட்டா தமிழ்நாடு பூரா இருந்து மோட்டார் தூக்கிக்கினு வருவாங்களா அங்கிள்? பக்கத்து ஊர் பேரா, தேர்வாய் கண்டிகைன்னு போடணும், ஆரம்பாக்கம்னு போடணும். அப்பால ரீவைண்டிங் ரீவைண்டிங்னு போட்டுக்கீறோம். அது நம்ம வேலையோட பேரு. பேரத் தேடறவன் படிக்கிறவன். கம்பெனியில மோட்டார் நின்னுபோயி, மேனேஜர் தலைக்கு மேல நின்னு கத்திக்கினு கீறான்னு வைங்க, அந்த ஆளு இன்னா டைப் பண்ணுவான்? உங்களுக்குப் போன் பண்றவங்க மொத மொதல்ல இன்னா சொல்லுவாங்க?"

"மோட்டார் கறுத்துடுச்சிம்பாங்க" என்றார் ஹனீப் ஒரு நொடி கூட யோசிக்காமல்.

ஷைனி அதையே தட்டிப் பார்த்தாள். முகம் கறுத்ததற்கு க்ரீம் வந்தது. வாழைப்பழம் கறுக்காமல் இருக்க வழி வந்தது. மோட்டார் ஒன்று கூட வரவில்லை.

"யாருமே இப்புடித் தேடல அங்கிள்."

"எப்புடித் தேடாத இருப்பாங்க? எங்கிட்ட எல்லாரும் இப்புடித்தான் சொல்றாங்க!"

ஹாஜிரா வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள். எல்லாரும் அப்படிச் சொல்வது ஏன் என்று அவளுக்குத் தெரியும். புதுசாக வருகிறவன் அந்த வார்த்தையோடுதான் வருவான். ஹனீப் உடனே கையைத் தூக்கி, "கறுத்துடுச்சின்னு சொல்லுங்க" என்று திருத்துவார். ரெண்டாம் தடவை அவனே அப்படிச் சொல்வான். அவர் சொல்லிக்கொடுத்ததையே திருப்பிக் கேட்டுக்கொண்டு, ஊரே இப்படித்தான் பேசுகிறது என்று மனுசன் நம்பிக்கொண்டிருக்கிறார்.

"அது கெடையாது அங்கிள்," என்றாள் ஷைனி, "எல்லாரும் மோட்டார் எரிஞ்சு போச்..."

ஹனீப் துள்ளி எழுந்தார். ரெண்டு எட்டில் போய் ஓவன் சுவிட்சில் கை வைத்தார். அது காலையிலிருந்தே அணைந்துதான் கிடந்தது. ஒரு தரம் போட்டு மறுபடி அணைத்தார்.

"தப்பா எடுத்துக்காதம்மா" என்று ஹாஜிரா ஷைனியின் கையைப் பிடித்துக்கொண்டு கதையைச் சொன்னாள். ஷைனி வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். எங்கள் அம்மாவும் வெள்ளிக்கிழமை ஒட்டடை அடிக்கவிட மாட்டாள் ஆன்ட்டி என்றாள் சமாதானமாக.

அரை மணி நேரப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு ஹனீப் இறங்கிவந்தார். இங்கிலீஷில் போட்டுக்கொள்ளலாம். தெலுங்கிலும் போடலாம். ஆரம்பாக்கம் தாண்டினால் தெலுங்குதானே, "மோட்டார் காலிப்போயிந்தி" என்று தேடுவார்கள், போட்டுக்கொள். தமிழில் மட்டும் வேண்டாம்.

"தெலுங்குல சொன்னா நெருப்புக்குப் புரியாதாக்கும்" என்றாள் ஹாஜிரா.

"வாப்பாவுக்குத் தெலுங்கு தெரியாது" என்றார் ஹனீப்.

ஷைனி கிளம்பும்போது ரெயின்கோட்டுக்குள் தலையை நுழைத்தபடி மெதுவாகச் சொன்னாள். "ஆன்ட்டி, இங்க்லீஷ்ல மாதவரம் கடைங்க நெறைய கீது, நாம பத்தாவது எடம்தான் வருவோம். அந்தத் தமிழ் வார்த்தைய எவனுமே போடல. போட்டா நாமதான் மொதல்ல வருவோம். யோசிச்சுச் சொல்லுங்க. போட்டாலும் மேல வர ரெண்டு மூணு வாரம் ஆவும்."

அன்று தேதி பத்து. ஹாஜிரா விரல் விட்டு எண்ணினாள். ரெண்டு நாள் யோசித்தாள். பழக்கத்தை மீறுவது பெரிசா, பெட்டி கட்டுவதைப் பார்ப்பது பெரிசா என்பதில் யோசிக்க என்ன இருக்கிறது. பன்னிரண்டாம் தேதி ஹனீப் தொழுகைக்குப் போன நேரம், குடையை எடுத்துக்கொண்டு ரோட்டைக் கடந்தாள். எதிரே பூட்டிக் கிடக்கிற குடோன் சுவர். அதன் அருகில் நின்று, கடைக் கூரையிலிருந்து எத்தனை தூரம் என்று ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். பிஸ்மில்லா சொன்னாள். போனை வாய்க்கருகே வைத்து ஷைனிக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள்.

"ஷைனி, போட்டுடும்மா. மோட்டார் எரிஞ்சு போச்சு. கும்மிடிப்பூண்டி. தேர்வாய் கண்டிகை. அர்ஜென்ட்டு. எல்லாத்தையும் போட்டுடு. உங்க அங்கிளுக்குச் சொல்லாத."

திரும்பி வந்து முதல் வேலையாக ஓவனைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்றிருந்தது. அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஒரு வாரம் ஒன்றும் இல்லை. அப்புறம் தெலுங்கு வேலை செய்தது. ஆரம்பாக்கத்துக்கு அப்பாலிருந்து ஒரு விவசாயி, "நைனா, மோட்டார் காலிப்போயிந்தி" என்று போர்வெல் மோட்டாரை ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஹனீப்புக்கு ஏகப்பட்ட பெருமை. "பாத்தியா, நான் சொன்ன வார்த்தை!" என்று பிரியாணிக் கடை வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். ஹாஜிரா ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினாள். ஆனால் ஒரு போர்வெல் மோட்டாரை வைத்து விசாவைத் திருப்பி அனுப்ப முடியாது. இருபத்தைந்தாம் தேதி ஏஜென்ட் மறுபடி போன் செய்தான். ஹனீப் மேலே ஏறிப் பரணிலிருந்து நீலப் பெட்டியை இறக்கி, துடைத்து, கட்டிலுக்கடியில் வைத்தார். ஹாஜிரா பார்த்தும் பார்க்காத மாதிரி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். செதிலோடு பாதி மீனும் போயிற்று.

இருபத்தேழாம் தேதி காலை. மழை விட்டு விட்டுப் பெய்தது, கரண்டும் விட்டு விட்டு வந்தது. நாஷ்டா முடிந்து ஹனீப் கை கழுவும்போது போன் அடித்தது. கை ஈரம் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், ரீவைண்டிங் கடையா? நான் தேர்வாய் கண்டிகையில பேக்கிங் கம்பெனியில இருந்து அருணா பேசறேன், மெயின்டனன்ஸ். பத்து ஹெச்பி மோட்டார் சார், எரிஞ்சு போச்சு. லைனே நின்னுபோச்சு. நாளைக்குள்ள வேணும்."

"கறுத்துடுச்சின்னு சொல்லுங்கம்மா" என்றார் ஹனீப்.

"சார்?"

"ஒண்ணும் இல்ல. அனுப்புங்க. அர்ஜென்ட்டுன்னா இன்னிக்கே கை வச்சிடறேன். யாரு சொன்னாங்க நம்ம கடைய?"

"யாரும் சொல்லல சார். மோட்டார் எரிஞ்சு போச்சு, தேர்வாய் கண்டிகைன்னு அப்புடியே பேசினேன் போன்ல. உங்க கடைதான் மொதல்ல வந்துச்சு. பெரிய எழுத்துல போட்டிருக்கு, மோட்டார் எரிஞ்சு போச்சா, உடனே கூப்பிடுங்கன்னு."

ஹனீப் போனை வைத்துவிட்டு ஓவனைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். கடைசியாக ஹாஜிராவைப் பார்த்தார்.

"நீ சொன்னியா?"

"சொன்னேன்."

"இந்தக் கூரைக்குக் கீழயா?"

"இல்ல. ரோட்டுக்கு அந்தாண்ட போய், கொடை புடிச்சுக்கினு, பிஸ்மி சொல்லிட்டுச் சொன்னேன்."

"வாப்பா உசுரோட இருந்தா..."

"வாப்பா கடை போச்சு. பேஜாருதான், நான் இல்லைன்னா சொன்னேன்? ஆனா கடை போனப்பவும் அவரு மாமிய வுட்டு ஒரு நாளு தள்ளி இருந்ததில்ல. நீங்க பதினோரு வருஷம் இருந்தீங்க." அவள் நாஷ்டாத் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். "அந்த வார்த்தையப் பத்திரமா வச்சுக்கினு, உங்களப் பிளேன் ஏத்தி அனுப்பிட்டு, நான் யாரோட ஒக்காந்து சோறு துன்றது? கூரை போனா தகரம் வாங்கிப் போட்டுக்கலாங்க. எனக்கு ஆளு வேணும்."

ஹனீப் ஈரக் கையைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் குடோன் சுவரைப் பார்த்தார். திரும்பி வந்தபோது, "பத்து ஹெச்பிக்குக் கம்பி பத்துமா பாரு" என்றார்.

மோட்டார் பதினொரு மணிக்கு வந்தது. மூடியைத் திறந்ததும் கருகல் நெடி குப்பென்று அடித்தது. ஹனீப்புக்கு அது பசியைக் கிளப்புகிற நெடி. உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்தவர் மத்தியானச் சோற்றுக்குத்தான் எழுந்தார். ஹாஜிரா கம்பி சுற்றினாள், கட்டு நூல் கட்டினாள், நடுவில் ஒரு நடை போய் உலையும் வைத்தாள். சாயங்காலம் வார்னிஷில் முக்கி ஓவனில் ஏற்றினார்கள். ஹனீப் ஒரு பக்கெட் மணலையும் ஒரு பக்கெட் தண்ணீரையும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்து, ஸ்டூல் போட்டு ஓவனுக்கு எதிரிலேயே உட்கார்ந்தார். சும்மா உட்கார முடியாமல் ஷைனிக்குப் போன் போட்டார்.

"எழுதிக்கம்மா. மோட்டார் பொகை வருது. மோட்டார் கர்ருங்குது, சுத்தல. தொட்டா சுடுது. போட்டா ட்ரிப் ஆவுது. மழையில நனைஞ்சிடுச்சு. இதெல்லாம் ஜனங்க சொல்றதுதான், எனக்கு இப்பத்தான் ஞாபகம் வருது."

"சூப்பர் அங்கிள்!" ஷைனி தயங்கினாள். "அந்த மொத வார்த்தைய எடுத்துடட்டுமா?"

ஹனீப் ஓவனைப் பார்த்தார்.

"அதத் தொடாத" என்றார். "அங்கயே இருக்கட்டும். நான் சொல்லமாட்டேன். அவ்ளோதான்."

மறுநாள் ரெண்டு மணிக்கு மோட்டார் ஓடியது. மினி லாரியோடு அருணாவே நேரில் வந்திருந்தாள். முப்பது வயது இருக்கும், ஹெல்மெட்டும் அழுக்கு யூனிஃபார்முமாக. ஓடுகிற மோட்டார் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள், சூடு ஏறவில்லை. முகம் மலர்ந்தது. ஹாஜிரா ஒரு பக்கம் பிரியாணிக் கடையின் இன்னொரு மிக்ஸிக்குச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"எங்க பிளான்ட்டுல நாப்பது மோட்டார் இருக்கு சார்" என்றாள் அருணா. "மழை மாசம்னா வாரம் ஒண்ணு படுக்குது. எல்லாத்தையும் உங்ககிட்டயே குடுக்கலாம்னு மேனேஜர்கிட்ட சொல்லப்போறேன். ஒரே ஒரு விஷயம் சார். இதுக்கு முன்னாடி ஒருத்தர் நல்லாத்தான் செஞ்சுக்குடுத்தாரு, பாதியில கடையப் பூட்டிட்டு துபாய் போயிட்டாரு. நாங்க தெருத் தெருவா அலைஞ்சோம். நீங்க இருப்பீங்கல்ல?"

கைமெஷின் சத்தம் ஒரு நொடி நின்றது. அப்புறம் மெதுவாகச் சுற்றியது.

ஹனீப் மோட்டாரைத் துடைத்த துணியை மடித்தார். இன்னொரு தரம் மடித்தார்.

"இருப்பேம்மா" என்றார். "எங்க போவப்போறேன்? பொண்டாட்டி இங்க கீது, கடை இங்க கீது."

லாரி ரோட்டில் திரும்பியதும் அவர் போனை எடுத்துக்கொண்டு மண்ணடிக்காரனிடம் பேச வாசலுக்குப் போனார். ஹாஜிராவின் கை சுற்றிக்கொண்டே இருந்தது. குனிந்து பார்த்தால் கம்பியே மங்கலாகத் தெரிந்தது. நூற்றுப்பத்தா, நூற்றிருபதா, எத்தனை சுற்றினோம் என்றே அவளுக்குத் தெரியவில்லை. முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சுற்றியது எல்லாவற்றையும் பிரித்துவிட்டு, ஒன்று என்று முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தாள்.